உறங்கும்போதும் ஓடும் நாடி

 

மூன்று மாதங்களுக்கு முன்னர், கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் இப்பகுதிக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எழுதியிருந்தார். இதழில் விடை வரும்வரை காத்திருக்கத் தக்க கடிதமாக அது தோன்றவில்லை. ஆகவே உடனே தபாலில் விடை அனுப்பினேன். இப்போது அவரிடமிருந்து இரண்டாவது கடிதமும் வந்திருக்கிறது. "பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், இன்னொரு வீட்டுக்கு உதவட்டும்" என்று அவரே இசைவும் தந்திருக்கிறார்.

முதற் கடிதத்தின் சாரம் இது. மகளுக்கு வயது 27. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறார். ஊர் வழக்கப்படி மகள் திருமணத்திற்குப் பின்னும் தாய் வீட்டிலேயே இருக்கிறாள். ஐந்து மாதங்களாக அவளுக்கு உறக்கமில்லை. இஷாத் தொழுதுவிட்டுப் படுத்தால் பஜ்ரு பாங்கு வரை புரண்டுகொண்டே இருக்கிறாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் தலையணை வியர்வையில் நனைந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, முன்னைவிட அதிகமாகவே உண்கிறாள். ஆயினும் உடல் 7 கிலோ இறங்கிவிட்டது. தேநீர் ஏந்தி வந்தால் கோப்பை தட்டில் தாளம் போடுகிறது. சிறு சொல்லுக்கும் சீறுகிறாள், பின்னர் தானே அழுகிறாள்.

கணவனைப் பிரிந்த கவலை என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் வேறு சிலர். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் தாமாகவே ஒரு தூக்க மாத்திரையைக் கொடுத்தார். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரம் மயங்கிக் கிடக்கிறாள். பிறகு முன்போலவே விழித்துக்கொள்கிறாள். "என் மகளுக்கு மனம் கெட்டுவிட்டதா? மாப்பிள்ளை வீட்டார் அப்படித்தான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்" என்று முடித்திருந்தார் அந்தத் தாயார்.

அக்கடிதத்தில் என் கண்ணைப் பிடித்து நிறுத்திய வரி உறக்கத்தைப் பற்றியதன்று. நன்றாக உண்கிறாள், ஆயினும் மெலிகிறாள் என்ற வரிதான் அது. கவலையால் உறக்கம் இழந்தவருக்குப் பெரும்பாலும் பசியும் சேர்ந்தே கெடும். பசி மிகுந்து, உடல் மெலிந்து, வியர்வை பெருகி, கை நடுங்கி, உறக்கமும் தொலைந்தால், மனத்தைக் குறை கூறுமுன் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

கழுத்தின் முன்புறம், குரல்வளை முடிச்சுக்குச் சற்றுக் கீழே, இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் தைராய்டு என்னும் சுரப்பி அமைந்திருக்கிறது. எடை 20 கிராம் அளவே இருக்கும். நாம் உண்ணும் உப்பிலும் மீனிலும் பாலிலும் உள்ள அயோடினை எடுத்து இது தைராக்சின் முதலிய சுரப்புநீர்களை உண்டாக்குகிறது. உடலின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவிட வேண்டும் என்பதை இச்சுரப்புநீர்களே முடிவு செய்கின்றன. அளவோடு சுரந்தால் உடல் அளவோடு இயங்கும். மிகுதியாகச் சுரந்தாலோ, சோறு வெந்த பின்னரும் ஒருவர் அடுப்பில் விறகைத் தள்ளி ஊதிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பாகும் அந்நிலை.

இம்மிகைச் சுரப்புக்கு மிகப் பெரும்பான்மையான காரணம் கிரேவ்ஸ் நோய் எனப்படுவது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறித் தைராய்டைத் தூண்டிவிடுவதால் இது வருகிறது. 1835-இல் இதனை விவரித்த டப்ளின் நகரத்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயரால் வழங்குகிறது. ஆயினும் அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பாரசீக மருத்துவ மேதை இஸ்மாயீல் அல்ஜுர்ஜானி, தாம் குவாரிஸ்ம் மன்னருக்காக எழுதிய பெரும் மருத்துவ நூலில் கழுத்துக் கழலையையும் கண் பிதுங்குவதையும் இணைத்துக் குறித்திருக்கிறார் என்று மருத்துவ வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர். நம் இல்லங்களில் இச்செய்தி அறியப்படாமல் இருப்பதால் இங்கே குறிப்பிட்டேன். ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் பல மடங்கு மிகுதி. அதிலும் 20 முதல் 50 வயதுக்குள் மிகுதி. அதாவது, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தோளில் சுமக்கும் வயது.

இனி உறக்கத்திற்கு வருவோம். நாம் உறங்குவதற்கு உடல் சில ஆயத்தங்களைச் செய்கிறது. இரவானதும் உடலின் உள்வெப்பம் சிறிது இறங்குகிறது. இதயம் மெதுவாகிறது. தசைகள் தளர்கின்றன. குடலும் ஓய்வை நாடுகிறது. தைராய்டு மிகைத்தவருக்கு இவற்றுள் ஒன்றுமே ஒழுங்காக நடப்பதில்லை. உள்ளே ஓயாமல் வெப்பம் உண்டாகிக்கொண்டிருப்பதால், மற்றவர் போர்வை தேடும் நேரத்தில் அவர் ஈரத் துணி தேடுகிறார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தம் இதயத் துடிப்பே தலையணைக்குள் இருந்து காதில் கேட்கிறது. விரல் நடுக்கம் பகலில் வெளியே தெரிவது. இரவிலோ உடல் முழுவதும் உள்ளுக்குள் அதிர்வது போன்ற உணர்வாக மாறுகிறது. குடல் விரைந்து இயங்குவதாலும் தாகத்தாலும் கழிப்பறைக்கு எழ நேருகிறது. சிலருக்குத் தோல் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். படுத்தவுடன் உறக்கம் வராமை, வந்தாலும் அடிக்கடி கலைதல், கலைந்தால் மீளாமை என மூன்று வகையாலும் உறக்கம் சிதைகிறது.

இதில் வேதனை என்னவென்றால், இவ்வாறு விழித்துக் கிடப்பவர் பகலில் சோர்ந்து கிடப்பதில்லை. முதல் சில வாரங்கள் சுறுசுறுப்பாகவே தோன்றுவார். இரவு பன்னிரண்டு மணிக்கு அலமாரியை அடுக்குவார், பாத்திரம் துலக்குவார். "இவளுக்கா நோய்?" என்று வீட்டார் கேட்பார்கள். பின்னரே களைப்பு வெளிப்படும். தொடையிலும் தோளிலும் உள்ள தசைகள் வலுவிழப்பதால் மாடிப்படி ஏற முடியாது. தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்போது தரையில் கையூன்ற வேண்டியிருக்கிறது என்று இளம் வயதுப் பெண் ஒருத்தி சொன்னால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அதுவும் இந்நோயின் அடையாளமாக இருக்கக்கூடும்.

கவலையா, தைராய்டா என்று வீட்டிலிருந்தபடியே ஓரளவு ஊகிக்க ஒரு பழைய வழி உண்டு. கருவிகளும் இரத்தப் பரிசோதனைகளும் பெருகாத காலத்து மருத்துவர்கள் கையாண்டது அது. கவலைப்படுபவரின் நாடி விழித்திருக்கும்போது விரைந்து ஓடினாலும், அவர் உறங்கிவிட்டால் அமைதி அடைந்துவிடும். மனம் உறங்கினால் அதன் கவலையும் உறங்குகிறது அல்லவா? ஆனால் தைராய்டு மிகைத்தவரின் நாடியை விரட்டுவது இரத்தத்தில் கலந்திருக்கும் சுரப்புநீர். அது உறங்குவதில்லை. ஆகவே அவர் கண்ணயர்ந்த பின்னரும் நாடி ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் அந்தத் தாயாருக்கு எழுதிய விடையில் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். மகள் நன்றாகக் கண்ணயர்ந்த பின், அவளை எழுப்பாமல், மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர் கீழே உங்கள் இரு விரல்களை மெல்ல வையுங்கள். உங்கள் பெருவிரலால் தொட வேண்டாம். அதன் சொந்தத் துடிப்பே உங்களைக் குழப்பிவிடும். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூன்று இரவுகள் இவ்வாறு எண்ணி எழுதி வையுங்கள். உறக்கத்தில் நாடி 80-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓரளவு ஆறுதல். 90-ஐத் தாண்டியே நின்றால் மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள். கூடவே உள்ளங்கையையும் தொட்டுப் பாருங்கள். அச்சத்தால் வியர்த்த கை குளிர்ந்திருக்கும். தைராய்டால் வியர்த்த கை வெதுவெதுப்பாக இருக்கும்.

இது முடிவான பரிசோதனை அன்று என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தேன். காய்ச்சலும் இரத்தச் சோகையும் இதய நோய்களும் உறக்கத்தில் நாடியை விரைவாக்கக்கூடும். நாடி அமைதியாக இருப்பதனாலேயே தைராய்டு நோய் இல்லை என்றும் உறுதி கூற இயலாது. இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைப் பார்ப்பதே முறையான வழி. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் "போதும்" என்று பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும், ஆகவே டி.எஸ்.எச். மிகக் குறைந்து காணப்படும். குறைவு என்று தாளில் கண்டதும் "குறைவாகத்தானே இருக்கிறது, நல்லதுதான்" என்று பல வீடுகளில் தவறாக எண்ணிவிடுகிறார்கள். டி.எஸ்.எச். குறைந்தால் தைராய்டு மிகுதி, டி.எஸ்.எச். உயர்ந்தால் தைராய்டு குறைவு. இதைத் தலைகீழாகவே படித்துப் பழக வேண்டும். இன்னொன்று: முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் பரிசோதனைக்கு முன்னர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது முடிவைக் குழப்பி, இல்லாத மிகைத் தைராய்டை இருப்பதாகக் காட்டிவிடும்.

அந்தத் தாயார் எண்ணிய கணக்கு இரண்டாவது கடிதத்தில் இருக்கிறது. பகலில் 118. இரவு மூன்று மணிக்கு, மகள் அரிதாகக் கண்ணயர்ந்த வேளையில், 104. அடுத்த இரவு 102. மூன்றாம் இரவுக்கு அவர் காத்திருக்கவில்லை, மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கச் சொல்லி, மீண்டும் தொட்டுப் பார்த்திருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. கிரேவ்ஸ் நோய்தான்.

இளம் பெண்ணாதலின் இவளுக்கு அடையாளங்கள் பளிச்சென்று தெரிந்தன. தெரியாமலே போகின்றவர் இருவர் உண்டு. ஒருவர் முதியவர், மற்றவர் பிள்ளை பெற்றவள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், 70-ஐக் கடந்தவர், நள்ளிரவு இரண்டு மணிக்கே விழித்துக்கொள்ளத் தொடங்கினார். அவர் அதற்காக வருந்தவில்லை. தஹஜ்ஜுத் தொழ இறைவன் எழுப்பிவிடுகிறான் என்று மகிழ்ந்தார். உடல் மெலிந்தது, வயதின் இயல்பு என்றார்கள் பிள்ளைகள். கை நடுக்கமோ கண் பிதுக்கமோ அவரிடம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். நாடி தாறுமாறாக ஓடியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை அது. தைராய்டு மிகைத்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இந்நிலைக்கு ஆளாகின்றனர். முதியவர்களில் இன்னும் மிகுதி. இதனால் இதயத்துள் இரத்தக் கட்டி உண்டாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். நல்வேளையாகப் பெரியவருக்கு அது நேரவில்லை. நள்ளிரவில் எழுவது நற்செயல்தான். உடலே உறங்கவிடாமல் எழுப்புவது வேறு. இரண்டையும் பிரித்தறிய வேண்டியது உடனிருக்கும் பிள்ளைகளின் கடமை.

அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் அவர்களுக்கும் இவ்வாறே நேர்ந்தது. 1991 மே மாதம் ஓட்டப் பயிற்சியின்போது அவருக்கு மூச்சு வாங்கி, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது. ஆராய்ந்தபோது கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. அவர் மனைவி பார்பரா புஷ்ஷுக்கு 1989-லேயே அதே நோய் கண்டறியப்பட்டிருந்தது. எப்போதும் மருத்துவர்கள் சூழ்ந்திருந்த அந்த வீட்டிலும் அவருக்கு நோயைக் காட்டிக் கொடுத்தது இதயம்தான்.

பிள்ளை பெற்றவளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பிரசவமான ஓராண்டுக்குள் சிலருக்குத் தைராய்டில் ஒருவித அழற்சி உண்டாகும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில், சேமித்து வைத்திருந்த சுரப்புநீர் கசிந்து மிகையாகும். உறக்கமின்மை, படபடப்பு, எரிச்சல் யாவும் வரும். "கைக்குழந்தைக்காரி எங்கே உறங்குவாள்?" என்று எல்லாரும் இயல்பாக எண்ணிக்கொள்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குழந்தை உறங்கும்போது அவளால் உறங்க முடிகிறதா? முடியவில்லை என்றால், அவளுக்கு வந்திருப்பது குழந்தையால் வந்த விழிப்பு அன்று. தைராய்டைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு வந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வழற்சியில் மிகைநிலை ஓரிரு மாதங்களில் தானே தணியும். பின்னர் பலருக்குச் சுரப்பு குறைந்துபோகும். ஆகவே மருத்துவம் வேறு, கண்காணிப்பும் வேறு.

தூக்க மாத்திரையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மருத்துவர் சீட்டின்றி இம்மாத்திரைகளை விற்பது சட்டப்படி குற்றம். ஆயினும் "தெரிந்த பையன்" என்று கேட்டு வாங்கிவருவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருக்க, பாத்திரத்தின் மேல் மூடியை அழுத்திப் பிடிப்பதால் கொதி அடங்குமா? நோய் உள்ளே வளர்கிறது. அடையாளம் மட்டும் மறைகிறது. சில வாரங்களில் உடல் மாத்திரைக்கே அடிமையாகிறது. ஏற்கெனவே பல வாரங்களாக உண்டுவருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடவும் கூடாது. திடீர் நிறுத்தம் வலிப்பைக்கூடத் தூண்டலாம். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்தத் தாயாரின் மகளுக்கும் அவ்வாறே ஒன்றரை மாதத்தில் குறைத்து நிறுத்தினார்கள்.

முறையான மருத்துவம் என்ன? சுரப்பைக் கட்டுப்படுத்தக் கார்பிமசோல் போன்ற மாத்திரை. படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கப் புரோப்ரனலால் போன்ற மாத்திரை. இவ்விரண்டின் வேகமும் வெவ்வேறு. இதை அறியாததால்தான் பலர் பாதியில் மருந்தை விட்டுவிடுகின்றனர். புரோப்ரனலால் ஓரிரு நாட்களிலேயே நாடியைத் தணிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. முன்னரே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இம்மாத்திரையே கெட்ட கனவுகளைத் தரும். சொன்னால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். கார்பிமசோல் புதிய சுரப்பை மட்டுமே தடுக்கும். சுரப்பிக்குள் ஏற்கெனவே சேமித்திருப்பதை அது ஒன்றும் செய்வதில்லை. இரத்தத்தில் கலந்துவிட்ட தைராக்சின் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். ஆகையால் நல்ல மாற்றம் தெரிய மூன்று முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். "பத்து நாள் சாப்பிட்டும் உறக்கம் வரவில்லையே" என்று மருந்தை மாற்றுவதும் மருத்துவரை மாற்றுவதும் வீண். கிரேவ்ஸ் நோய்க்குப் பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை மாத்திரையைத் தொடர்வார்கள். அதன் பின்னும் திரும்பினாலோ மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, கதிரியக்க அயோடினோ அறுவை மருத்துவமோ உண்டு.

கார்பிமசோல் உண்ணும் எவரும் மறக்கக் கூடாத எச்சரிக்கை ஒன்று. அரிதாக, சில நூறு பேரில் ஒருவருக்கு, இது இரத்த வெள்ளணுக்களை அழித்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், அல்லது வாயில் புண் தோன்றினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே சென்று வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கஷாயம் குடித்துக் காலத்தைக் கடத்தக் கூடாது. அதுபோலவே, தைராய்டு மிகைத்தவருக்குக் கடுங்காய்ச்சலும் பிதற்றலும் கட்டுக்கடங்காத படபடப்பும் சேர்ந்து வந்தால், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருந்து வேலை செய்யும் வரையிலான அந்த ஐந்தாறு வாரங்களை எவ்வாறு கடப்பது? அந்தத் தாயார் செய்தவற்றையே எழுதுகிறேன். அஸருக்குப் பின் தேநீரும் காபியும் நிறுத்தினார். நம் வீடுகளில் இஷாவுக்குப் பிறகும் இஞ்சித் தேநீர் வலம் வருவதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகளின் கட்டிலை அனல் இறங்கும் மாடி அறையிலிருந்து கீழ்த்தள முற்றத்தை ஒட்டிய அறைக்கு மாற்றினார். பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார். படுக்குமுன் மகள் குளிர்ந்த நீரில் உளூச் செய்து, பருத்தி ஆடை அணிந்தாள். உறக்கம் வராதபோது படுக்கையிலேயே போராடாமல் எழுந்து திண்ணையில் அமர்ந்தாள். பேத்தியைத் தாயார் தம்மோடு படுக்கவைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பிள்ளைக்குப் பரிசோதனைத் தாளைக் கைப்பேசியில் அனுப்பி, "இது நோய், குணமல்ல" என்று விளக்கினார். அன்றிலிருந்து இரவு பதினொரு மணித் தொலைபேசிச் சண்டைகள் நின்றன என்று எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு மருந்துதான்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிரேவ்ஸ் நோயில் சிலருக்குக் கண்ணின் பின்புறத் திசுக்கள் வீங்கி, விழி முன்னே தள்ளும். அப்போது உறங்கும்போதும் இமைகள் முழுதாக மூடுவதில்லை. விழி உலர்ந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தி, அந்த உறுத்தலே எழுப்பிவிடும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பதும், கண் மருத்துவர் தரும் பசைமருந்தை இரவில் இடுவதும் உதவும். பார்வை மங்கினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிறங்கள் வெளிறித் தோன்றினாலோ தாமதம் கூடாது. புகைபிடித்தல் இக்கண் நோயைப் பன்மடங்கு கடுமையாக்கும் என்பது உறுதியாக அறியப்பட்ட உண்மை. நோயாளி புகைக்காவிட்டாலும், அதே அறையில் பீடி புகைக்கும் ஆண்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ரமளானைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். நோய் கட்டுக்குள் வந்து, ஒரு வேளைக் கார்பிமசோல் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள், மருத்துவர் இசைவுடன் ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னோ மாத்திரை உண்டு நோன்பு நோற்கலாம். நாடி இன்னும் 100-க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பவர்களின் நிலை வேறு. வியர்வையால் நீர் வற்றும், சிதைந்த உறக்கம் ஸஹரால் இன்னும் சிதையும், இதயம் தாங்காது. நோயாளிகளுக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இத்தகையோருக்காகவே அல்லவா? மருத்துவரிடமும் உங்கள் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முட்டைக்கோஸ் தின்றால் இந்நோய் தீரும் என்பதற்கு ஆதாரமில்லை. சாதாரண அளவில் அயோடின் உப்பைச் சேர்த்துக்கொள்வதால் தீங்கில்லை. கடற்பாசி மாத்திரைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நம் வீடுகளில் "எனக்குத் தைராய்டு" என்ற ஒரே சொல்லால் குறைவையும் மிகுதியையும் குறிக்கிறோம். இரண்டும் நேர் எதிரானவை. குறைவுக்கு உண்ணும் தைராக்சின் மாத்திரையை மிகுதி உள்ளவர் உண்டால் நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாகும். லாத்தாவின் மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பதும், உடல் இளைப்பதற்காக அடுத்த வீட்டுப் பெண்ணிடம் தைராக்சின் கேட்டு வாங்குவதும் நான் நேரில் கண்டவை. குறைவுக்காக மாத்திரை உண்டுவருபவருக்கே திடீரென உறக்கம் கெட்டு, படபடப்பும் வந்தால், அளவு மிகுந்துவிட்டதா என்று பரிசோதிக்க வேண்டும். மிகுதி என்றால் அளவைக் குறைத்தாலே உறக்கம் திரும்பும்.

அந்த மகளுக்கு முதல் வாரத்தில் நடுக்கம் தணிந்தது. உறக்கம் உடனே வரவில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் பஜ்ரு பாங்கு சொன்னதும் தாயார் சென்று பார்த்திருக்கிறார். மகள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். நாடியை எண்ணினார், 74. அன்றுதான் தாமும் பல மாதங்களுக்குப் பின் நிம்மதியாகப் படுத்ததாக எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் இறுதியில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். இளைய மகளுக்கும் இது வருமா என்பது முதலாவது. ஒரே குடும்பத்தில் பலருக்குத் தைராய்டு நோய்கள் வருவதுண்டு. ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. இளையவளுக்கு எடைக் குறைவோ படபடப்போ உறக்கக் கேடோ தோன்றினால், ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். திருமணப் பேச்சில் இதை மறைக்க வேண்டிய இழுக்கும் எதுவுமில்லை.

மாப்பிள்ளை விடுமுறையில் வருகிறார், அடுத்த குழந்தைக்கு முயலலாமா என்பது இரண்டாவது. இப்போதே வேண்டாம். சுரப்பு சீராகிச் சில மாதங்கள் நிலைக்கட்டும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கார்பிமசோல் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும். அக்காலத்துக்கு மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். ஆகவே முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லித் திட்டமிடுங்கள். எதிர்பாராமல் நாள் தள்ளிப்போனால், மறுநாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதுவரை மாத்திரையைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.